ஏறிக்கொண்டே இருந்த முள்

சங்கரன்கோவிலில் ஏசி ஒழுங்காக வேலை செய்கிற தனியார் ஆம்புலன்ஸ் என்னுடையது ஒன்றுதான். விளம்பரத்துக்காகச் சொல்லவில்லை, மேடம். உங்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில்தான் நிறுத்தியிருக்கிறேன், வேண்டுமானால் ஏறி உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். படுக்கை விரிப்பைத் தினமும் மாற்றுகிறேன். ஆக்சிஜன் சிலிண்டரைப் பாதிக்குக் கீழே இறங்க விட்டதில்லை. கூட வருகிறவர்களுக்கு என்று உள்ளே ஒரு சின்ன மின்விசிறிகூட வைத்திருக்கிறேன். இத்தனை வசதி செய்து வைத்திருக்கிற ஒருவன் மனிதர்கள்மேல் அக்கறை இல்லாதவனாக இருக்க முடியுமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு அவசரமில்லை.

என் பெயர் தேவசுந்தரம். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ, முதல் வகுப்பு. சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். ஆம்புலன்ஸ் தொழிலுக்கு வந்தது பிறகுதான். இங்கே அரசு ஆஸ்பத்திரி வாசலில் முதன்முதலில் தனியார் ஆம்புலன்ஸைக் கொண்டு நிறுத்தியவன் நான். அப்போதெல்லாம் யாரையாவது பாளையங்கோட்டைக்குக் கொண்டு போக வேண்டும் என்றால், டாக்டர் எழுதி முடிப்பதற்குள் "தேவசுந்தரம் அண்ணாச்சியக் கூப்பிடுங்கப்பா" என்று ஒரு குரல் எழும்பும். அந்தக் குரலைக் கேட்கிற சுகம் உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. போலீஸை யாரும் அவ்வளவு ஆசையாகக் கூப்பிடுவதில்லை. போகப்போக அந்தக் குரல் இசக்கிராஜா என்று கூப்பிட ஆரம்பித்தது.

இசக்கிராஜா என்னிடம் டிரைவராக இருந்தவன். கல்யாணத்துக்குப் பிறகு தனியாகப் போனான். யாரோ கழித்துவிட்ட பழைய வேன் ஒன்றை வாங்கி, பக்கவாட்டில் சிவப்புப் பட்டை அடித்து, ஆஸ்பத்திரிக்கு எதிரே வேப்பமரத்தடியில் கொண்டு நிறுத்தினான். அவரவர் பிழைப்பு என்று விட்டுவிட்டேன். அந்த வேனில் ஏசி கிடையாது. ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் புழுக்கம். ஆனால் என்னிடம் இல்லாத ஒரு வசதி இசக்கிராஜாவிடம் இருந்தது. அவன் அழுவான். நோயாளியின் சொந்தக்காரர்கள் அழுதால் கூடவே உட்கார்ந்து அழுவான். பிழைக்காமல் போனவர்கள் வீட்டுக்குப் பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வருவான். கண்ணில் தண்ணீரோடு ஓட்டுகிறவனுக்கு எதிரே வருகிற லாரி எப்படித் தெரியும் என்று ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லார் போனிலும் அவன் நம்பர் ஏறிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் திருவேங்கடம் பக்கத்துக் குடும்பம் ஒன்று ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தது. நெஞ்சைப் பிடித்தபடி ஒரு பெரியவர், அவரைத் தாங்கிக்கொண்டு இரண்டு மகன்கள். என் வண்டி வாசலுக்கு நேராக நின்றது. பின்கதவைத் திறந்துவைத்து, ஏசியையும் போட்டுவிட்டு, கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்க நிற்கிறவன் மாதிரி ஓரமாக நின்றேன். அவர்கள் என்னையும் வண்டியையும் சுற்றிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வேப்பமரத்தடிக்குப் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன். அன்றைக்கு வீட்டில் மீன்குழம்பு. ஒரு வாய்கூட இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவன் வண்டியில் ஆயில் லைட் கண்ணடிக்க ஆரம்பித்தது. என்ஜினுக்குள் ஆயில் போதுமான அழுத்தத்தோடு ஓடவில்லை என்றால் எரிகிற சிவப்பு லைட், மேடம். அழுத்தம் இல்லையென்றால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசிச் சூடேறி, கடைசியில் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு என்ஜின் நின்றுவிடும். பிறகு தள்ளினாலும் ஓடாது. இசக்கிராஜாவுக்கு அந்த லைட்டைக் கண்டாலே பயம். அது எரியும், அணையும்; அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. முள் வைத்த மீட்டர் ஒன்று இருந்தால் அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஆன்லைனில் வரவழைத்தான். கறுப்பு டயல், நீல வெளிச்சம், பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் என்ஜினில் மாட்ட வேண்டிய சென்சார் அதோடு வரவில்லை. மீட்டர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, நீங்கதான் கரண்டு படிச்சவிய. இதுக்கு ஏத்த சென்சார் ஒண்ணு பாத்து நீங்களே மாட்டித் தந்துருங்க. வேற ஆள்ட்ட குடுக்க எனக்கு மனசில்ல."

நான் தேடிப் போகவில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அவனாகத்தான் வந்தான்.

மீட்டருக்குச் சென்சார் பார்ப்பது ஜாதகப் பொருத்தம் பார்ப்பது மாதிரி. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள், ஜாதகம் பார்ப்பதில்லை என்றாலும் விவரம் தெரியும். சென்சாரை என்ஜினில் திருக வேண்டும். ஆயில் அழுத்தம் மாற மாற அதன் மின்தடை மாறும். அதற்குத் தகுந்தபடி மீட்டரில் முள் நகரும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் அழுத்தம் கூடினால் தடையும் கூடும். இன்னொன்றில் அழுத்தம் கூடினால் தடை குறையும். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும், ஒரே மரையில் ஏறும். இந்த வகை மீட்டருக்கு அந்த வகைச் சென்சாரைக் கட்டி வைத்தாலும் முள் ஓடத்தான் செய்யும், எதிர்ப்பக்கமாக. எல்லாம் சரியாக இருக்கும்போது முள் நடுவில் நிற்கும், ஒரு சந்தேகமும் வராது. அழுத்தம் குறையக் குறைய முள் மேலே ஏறும். துப்புரவாக ஒன்றும் இல்லாமல் போகும்போது ஃபுல் என்று காட்டும்.

மீட்டரை வீட்டுக்குக் கொண்டுபோய் பேட்டரியில் இணைத்து, வேறு வேறு தடைகளைக் கொடுத்து, முள் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். எந்த வகைச் சென்சார் வேண்டும் என்று தெரிந்துபோனது. இப்படி வேலை செய்ய ஊரில் எத்தனை பேருக்கு வரும் என்று நினைக்கிறீர்கள். பிறகு ராஜபாளையத்துக்குப் போனேன். அங்கே ரசீதா என்று ஒரு பெண் ஸ்பேர்பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி. இரண்டு சென்சாரையும் எடுத்து மேஜையில் வைத்தாள்.

"மீட்டர் எந்த ரேஞ்சுன்னு பாத்துட்டு வாங்குங்க அண்ணாச்சி. மாத்தி மாட்டுனா முள்ளு தலைகீழாக் காட்டும். வண்டி செத்துக்கிட்டு இருக்கும், மீட்டர் பிரமாதம்னு சொல்லும்."

"தெரியும்மா" என்றேன். இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தேன். அந்த மீட்டருக்கு ஆகாததை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கோவிலில் ஆராதனை முடிந்து வந்த பிறகு. என்ஜினில் ஏற்கெனவே சிவப்பு லைட்டுக்கான சுவிட்சு இருக்கிற ஓட்டையில்தான் சென்சாரைத் திருக வேண்டும். மூன்று வாய் உள்ள 'டி' இணைப்பு ஒன்று வாங்கிப் போட்டால் இரண்டையும் மாட்டலாம். முள் பொய் சொன்னாலும் லைட் உண்மை சொல்லும். நான் 'டி' வாங்கவில்லை. லைட்டின் சுவிட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். இசக்கிராஜா பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான். சாவியைத் திருப்பினான். என்ஜின் ஓடவே இல்லை, முள் விருட்டென்று ஏறி ஃபுல்லில் போய் நின்றது.

"என்ன அண்ணாச்சி, ஸ்டார்ட் பண்ணுமுன்னயே ஃபுல்லுன்னு காட்டுது?"

"புது மாடலுலே. சாவி போட்டா ஒரு சல்யூட் அடிக்கும். பெரிய கார்ல எல்லாம் பாத்ததில்லையா, முள்ளு ஏறி இறங்குமே" என்றேன்.

அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். தன் ஓட்டை வண்டி பெரிய கார் ஆகிவிட்டதில் அப்படி ஒரு பூரிப்பு. ஸ்டார்ட் செய்தான், முள் இறங்கி நடுவில் நின்றது. உடனே வீட்டுக்கு ஓடிப்போய், கோமதி அம்மன் சன்னதியில் வாங்கி வைத்திருந்த புற்றுமண்ணைக் கொண்டுவந்தான். தண்ணீர் விட்டுக் குழைத்து, முள் நின்ற இடத்துக்கு நேராக மீட்டர் கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்தான். முள் பொட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும், மற்றதை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றான். அடுத்தவர் நம்பிக்கையில் நான் தலையிடுவதில்லை. பொட்டு ஒட்ட வேண்டுமே என்று கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்ததே நான்தான்.

இரண்டொரு நாளில் மறுபடியும் வந்தான். காலையில் முள் தாழ்வாக இருக்கிறது, வண்டி ஓடிச் சூடான பிறகு ஏறுகிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் இறங்குகிறது, ஏன் என்று கேட்டான். நியாயமான கேள்வி. காலையில் என்ஜின் தூக்கக் கலக்கத்தில் இருக்கும், ஓட ஓட உஷாராகும் என்றேன். மிதிக்கும்போது ஆயில் வேலைக்குப் போகிறது, நிற்கும்போது வீட்டுக்குத் திரும்பி வருகிறது என்றேன். ஒரு டிப்ளமோக்காரன் இப்படிப் பேசலாமா என்று நீங்கள் நினைக்கலாம். கேட்கிறவனுக்குத் தகுந்தபடிதானே பேச முடியும். அவன் தலையை ஆட்டிக்கொண்டு போனான். தினமும் காலையில் ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்க்கிற பழக்கம் ஒன்று அவனுக்கு இருந்தது. மீட்டர் இருக்கும்போது ஸ்டிக் எதற்கு, அடிக்கடி உருவினால் தூசி போகும் என்று சொல்லி அதையும் நிறுத்தச் சொன்னேன். நிறுத்திவிட்டான். நல்ல பிள்ளை, சொன்னால் கேட்பான்.

ஆயில் சட்டிக்கு அடியில் வாஷர் போய் ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது, அதனால்தான் முதலில் லைட் கண்ணடித்தது. எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், வேப்பமரத்தடியில் அவன் வண்டியை எடுத்த பிறகு மண்ணில் கறுப்பாக ஒரு வட்டம் கிடக்கும். வட்டம் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டு வந்தது. அவன் காலால் மண்ணைத் தள்ளி அதை மூடிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பான். முள் பொட்டைத் தாண்டி ஏறிவிட்டது. டீக்கடை, மெடிக்கல் ஷாப், பிணவறை வாட்ச்மேன் என்று ஒருவரையும் விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தான். "என்ஜினுக்கு வயசு கொறஞ்சிட்டு. எல்லாம் அண்ணாச்சி கைராசி." புளியங்குடிக்கு ஒரு கேஸ் போனவன் எனக்கென்று ஒரு பை எலுமிச்சம்பழம் வாங்கி வந்தான். என் மனைவி கிருபாபாய் அதை ஊறுகாய் போட்டாள். ஊறுகாய் நன்றாகவே வந்திருந்தது.

என் திட்டம் என்ன என்று கேட்டீர்கள். சொல்கிறேன், அதில் ஒரு தப்பும் இல்லை. ஒரு நாள் நோயாளியை வைத்துக்கொண்டு போகும்போது அந்த வண்டி நடுரோட்டில் நிற்கும். எல்லாரும் தவித்துக்கொண்டிருக்கும்போது நான் வந்து சேருவேன். ஏசி, ஆக்சிஜன், வெளுத்த விரிப்பு. நோயாளியை மாற்றி ஏற்றிக்கொண்டுபோய்ப் பத்திரமாகச் சேர்ப்பேன். மறுநாள் ஊருக்குத் தெரிந்துவிடும், யாரை நம்பி ஏறலாம், யாரை நம்பி ஏறக்கூடாது என்று. நோயாளிக்குக் கொஞ்ச நேரத் தாமதம், இசக்கிராஜாவுக்கு ஒரு என்ஜின். அதற்குமேல் யாருக்கும் சேதம் இல்லாமல்தான் கணக்குப் போட்டிருந்தேன்.

அதனால் அவன் தூரத்துக் கேஸ் ஏற்றும்போதெல்லாம் பின்னாலேயே போனேன், கொஞ்சம் இடைவெளி விட்டு. வாசுதேவநல்லூர், மதுரை, பாளையங்கோட்டை, எங்கே போனாலும். சும்மா இல்லை, என் செலவில் டீசல் போட்டுக்கொண்டு. அப்படி ஒரு அக்கறையோடு அவன் வண்டிக்குக் காவல் போன ஆள் நான் ஒருவன்தான். கிருபாபாய் ஒரு நாள் கேட்டாள்.

"வண்டியில ஆளே இல்லாம எதுக்கு அந்தப் பையன் பின்னாலயே போறீய?"

"அவன் வண்டிய நம்ப முடியாது. ஒரு ஆத்திர அவசரம்னா நாம இருக்கணும்லா" என்றேன். அவள் கண் கலங்கிப்போனாள். அடுத்த ஞாயிறு ஜெபத்தில் என் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணினாள்.

பழைய என்ஜின்கள் மானஸ்தர்கள், மேடம். ஆயில் இல்லாமலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடும். எத்தனையோ தடவை பின்னால் போய் ஏமாந்து திரும்பியிருக்கிறேன். வெறுத்துப்போய் விட்டுவிடலாம் என்றுகூட இருந்தேன்.

அன்றைக்கு முத்துமாரி என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். விசைத்தறியில் வேலை பார்த்தவள். முதல் பிரசவம், குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. உடனே பாளையங்கோட்டைக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். இலவச ஆம்புலன்ஸ் ஒரு விபத்துக்குப் போயிருந்தது. என் வண்டி வாசலில்தான் நின்றது. அவளுடைய அம்மா சுப்புத்தாய் வெளியே ஓடிவந்து, "ராசாவக் கூப்பிடுங்க, இசக்கிராசாவக் கூப்பிடுங்க" என்று கத்தினாள். ஸ்ட்ரெச்சர் என்னைத் தாண்டித்தான் போனது. அந்தப் பெண் கண் விழித்திருந்தாள். குழந்தை யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனாள்.

"அண்ணாச்சி, போயிட்டு வாரேன்" என்று இசக்கிராஜா எனக்குக் கையைக் காட்டிவிட்டுக் கிளம்பினான். சைரனைப் போட்டுக்கொண்டு போனான். சைரன் ஒரு நல்ல விஷயம், என்ஜின் உள்ளே டொக்கு டொக்கென்று தட்டுகிற சத்தம் யார் காதிலும் விழாது. நான் கொஞ்சம் பொறுத்து, சைரன் இல்லாமல் கிளம்பினேன்.

பனவடலிசத்திரம் தாண்டியது. வன்னிக்கோனேந்தல் தாண்டிக் கரிசல்காட்டுக்கு நடுவே ரோடு நேராகப் போகும், உங்களுக்குத் தெரியும். தூரத்தில் அந்த வெள்ளை வேன் ஓரமாக நிற்பது தெரிந்தது. அடியில் புகை. முள் அப்போது எங்கே நின்றிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவனே பிறகு சொல்லி அழுதான், நிற்கிற வரைக்கும் பொட்டுக்கு மேலே, ஃபுல்லில் நின்றது அண்ணாச்சி என்று. ரோட்டோரம் புளியமரத்தடியில் ஒரு டீக்கடை இருந்தது. அவன் கண்ணில் படாதபடி கடைக்குப் பின்னால் வண்டியை ஒதுக்கினேன். போன் வந்தது.

"அண்ணாச்சி, வண்டி நின்னுட்டு. எஞ்சின் அசையவே மாட்டேங்குது. அந்தப் பொம்பளப் பிள்ளைக்கு ரத்தம் நிக்கல. எங்க இருக்கிய?"

"ஆஸ்பத்திரி வாசல்லதாம்ல இருக்கேன். இந்தா கிளம்பிட்டேன்."

"இலவச ஆம்புலன்சுக்கும் ஒரு போன் போட்டுருதேன் அண்ணாச்சி. இல்லன்னா ரோட்டுல வார வண்டி எதையாவது..."

"ஒருத்தரையும் கூப்பிடாத. கண்ட வண்டியில ஏத்தி ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிரக்கூடாது. நான் வந்துகிட்டேல்லா இருக்கேன்."

சரி அண்ணாச்சி என்றான். சொன்னால் கேட்பான் என்று முன்பே சொன்னேனே.

இப்போது என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சங்கரன்கோவிலில் இருக்கிறேன் என்று சொல்லியாகிவிட்டது. சொன்ன வாயோடு அடுத்த நிமிஷம் போய் நின்றால், இவன் எப்படி அதற்குள் வந்தான் என்று கேள்வி வரும். சங்கரன்கோவிலில் இருந்து கிளம்பி வருகிற ஒருவன் எவ்வளவு நேரத்தில் வருவானோ அவ்வளவு நேரத்தில் போவதுதான் முறை. ஆகவே ஒரு டீ சொன்னேன். அந்தக் கடையை நடத்துவது சுபைதா பேகம் என்ற அம்மா. அவர் டீயைக் கொடுத்துவிட்டு, நெற்றியில் கையை வைத்து ரோட்டைப் பார்த்தார்.

"அங்கன ஒரு ஆம்புலன்ஸ் நிக்குது போல. நீங்களும் ஆம்புலன்ஸ்தான வச்சிருக்கிய, போய்ப் பாக்கலாம்லா?"

"பாத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன்" என்றேன்.

உண்மையிலேயே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அங்கிருந்து நன்றாகத் தெரியும். இசக்கிராஜா நடுரோட்டில் நின்று என் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். வேனுக்குள் போவான், வெளியே வருவான், மறுபடியும் பார்ப்பான். சுப்புத்தாய் சேலைத் தலைப்பால் மகளுக்கு விசிறுவது பின்கதவு வழியே தெரிந்தது. இரண்டொரு கார்கள் அவர்களைத் தாண்டிப் போயின, அவன் கை காட்டவில்லை. நான்தான் வருகிறேனே. இன்னொரு டீ சொன்னேன். நேரம் ஆகவில்லை. என் வண்டியில் ஏசியைப் போட்டு வைத்துவிட்டேன், அவள் ஏறும்போது உள்ளே குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று.

அப்புறம் அவனுக்குப் பொறுக்கவில்லை போல. அந்தப் பெண்ணைத் தன் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு தேவர்குளத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தான். பின்னாலேயே சுப்புத்தாய், கையில் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. வெயில் சரியான வெயில். அவன் ஓடுவதும் தடுமாறுவதும் மறுபடி ஓடுவதும் சின்னதாகத் தெரிந்துகொண்டே இருந்தது. பின்னால் எலுமிச்சை மூட்டை ஏற்றிய ஒரு வேன் வந்து நின்றது. மூட்டைகளைத் தூக்கி ரோட்டில் எறிந்துவிட்டு அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டார்கள். நான் டீ கிளாசைக் கழுவிக் கொடுத்துவிட்டு, சைரனைப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, ரோட்டில் எலுமிச்சம்பழம்தான் உருண்டு கிடந்தது.

மானூர் வருவதற்குள் அவள் இறந்துவிட்டாள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். நானும் அதைத்தான் சொல்கிறேன். என் வண்டியில் ஏற்றியிருந்தால் முன்னாலேயே கொண்டுபோயிருக்கலாம்.

எனக்கு அதில் வருத்தம் உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஊரில் நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இசக்கிராஜா அவர்கள் வீட்டு வாசலில் போய் விழுந்து கிடந்தான். இந்த ஓட்டை வண்டியில் ஏற்றியதற்கு அவனை நான்கு சாத்துச் சாத்துவார்கள் என்றுதான் நினைத்தேன். சுப்புத்தாய் அவனைத் தூக்கி நிறுத்தி, "நீ என்னய்யா செய்வ, எம்பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடுனியே" என்று கட்டிக்கொண்டு அழுதாள். தெருவே அழுதது. அவன் ஓடியதை யாரோ காரில் இருந்து வீடியோ எடுத்திருக்கிறார்கள். எல்லார் போனிலும் அதுதான். அந்த எலுமிச்சை வேன்காரனுக்குக்கூடச் சால்வை போட்டார்கள். சைரன் போட்டுக்கொண்டு வந்த என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் பெற்ற பிள்ளைக்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டது. முத்துராஜா.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பிறகு வண்டியைப் பரிசோதிக்க அதிகாரி ஒருவர் வந்தார். வேப்பமரத்தடிக்கு இழுத்து வந்து போட்டிருந்தார்கள். நானும் கூட்டத்தில் நின்றேன். அவர் சென்சாரைக் கழற்றிப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், சிரித்தார்.

"எவனோ விவரங்கெட்டவன் மாட்டியிருக்கான். அ, ஆ தெரியாதவன். இந்த மீட்டருக்கு இந்தச் சென்சாரா?"

ஆளாளுக்குத் திரும்பிப் பார்த்தார்கள். யார் மாட்டியது என்று அதிகாரி கேட்டார். இசக்கிராஜா என் பெயரைச் சொல்வான், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நின்றேன். அவன் சொன்னான். எப்படிச் சொன்னான் என்பதுதான் விஷயம். என் பக்கத்தில் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் சொன்னான்.

"அண்ணாச்சி எம்மேல உள்ள பிரியத்துல மாட்டித் தந்தாவ சார். அவியளுக்கு இந்தக் கரண்டு வேல அவ்வளவா வராது, நான்தான் போட்டுத் தொந்தரவு பண்ணுனேன். அவியள ஒண்ணும் சொல்லாதிய." பிறகு என்னைப் பார்த்து, "மனசு விட்டுராதிய அண்ணாச்சி. தெரியாமத்தான நடந்துட்டு" என்றான்.

கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். எனக்காக. பாவம், வயசான மனுஷன், தெரியாத வேலையில் கையை வைத்துவிட்டார் என்று பேசிக்கொண்டு கலைந்தார்கள். அன்றிலிருந்து ரோட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் என் தோளைத் தட்டி ஆறுதல் சொல்கிறார்கள். மின்விசிறிக்கு வயர் மாட்டக்கூட என்னைக் கூப்பிடாதே என்று பக்கத்து வீட்டில் பேசியது என் காதில் விழுந்தது.

எங்கள் சபையில் ஒரு வக்கீல் இருக்கிறார். அவரும் இதையேதான் பாடம் நடத்தினார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லுங்கள், சின்ன வழக்கோடு போகும், சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார். நல்ல மனிதர், என்னைக் காப்பாற்ற நினைக்கிறார். உங்கள் ஏட்டையாவும் சற்று முன்னால் எழுதியதைப் படித்துக் காட்டினார். "போதிய தொழில் அறிவு இல்லாமல், கவனக்குறைவாக" என்று ஆரம்பிக்கிறது.

அதை அடித்துவிடுங்கள், மேடம். எந்தச் சென்சார் ஆகாதோ அதைப் பார்த்துத்தான் எடுத்தேன். லைட்டின் சுவிட்சைத் தெரிந்துதான் கழற்றினேன். யாரையும் கூப்பிடாதே என்று தெரிந்துதான் சொன்னேன். அவன் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். மாட்டிய நாளில் இருந்து அந்தப் பெண்ணின் மூச்சு நின்ற நிமிஷம் வரைக்கும் என் வேலையில் ஒரு இடத்தில்கூடக் கை தவறவில்லை. கொலை என்று எழுத வேண்டும் என்றால் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வேலை தெரியாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.